என் காலுக்குள் உன் ஆடு

ரெய்க்யவிக்
3 நவம்பர் 2018

அக்கா,

நீ போனை வைத்துவிட்டாய். "நான் தோராரின் பேசறேன்" என்றதும் வைத்தாய். திரும்ப அடித்தேன், எடுக்கவே இல்லை. போகட்டும். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது. வைத்தாலும் அது உன் சமையலறை மேசையில் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். காபி குடிக்கும்போது எடுத்துப் படித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா.

அப்பா போன பிறகு, "ஆட்டையெல்லாம் வித்துட்டு நிலத்தை டூரிஸ்ட் குடிசைக்கு விட்டுடலாம்க்கா" என்று நான் சொன்னேன். அதற்குத்தானே இத்தனை கோபம்? சொன்னதை நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் இன்றைக்கு ஒரு சங்கதி நடந்தது. அதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மீன்பிடிக் கப்பலில் வலையை விரித்துப் பிடிக்கிற இரும்புப் பலகை மோதி என் முழங்காலுக்குக் கீழே நொறுங்கியது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது, நீதான் கேட்கவில்லையே. எலும்பைக் கூட்டிக் கம்பி வைத்தார்கள். உள்ளே சீழ் பிடித்தது. திறந்து சுரண்டிக் கழுவினார்கள், மறுபடி பிடித்தது. இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. இந்த வருடம் செப்டம்பரில் டாக்டர் வால்கெர்துர் அம்மா என் கட்டில் ஓரம் உட்கார்ந்து, "இதுக்கு மேல சுரண்ட எலும்பு இல்ல தோராரின். ஒண்ணு, வெட்டிடலாம். இல்லன்னா புதுசா ஒண்ணு இருக்கு, சரின்னு சொன்னா வச்சுப் பாக்கலாம்" என்று சொன்னார்.

அந்தப் புதுசு என்னவென்றால் ஆட்டு எலும்பு. கறி, கொழுப்பு, ரத்தம் எல்லாம் போகக் கழுவிக் கழுவி, வெறும் கூட்டை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். பார்க்கக் கடற்பஞ்சு மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்கிறது. அதை மருந்தில் ஊறவைத்து, சீழ் பிடித்த இடத்தைச் சுரண்டிய குழியில் அடைத்துவிடுகிறார்கள். "கட்டிடத்துக்குச் சாரம் கட்டற மாதிரிதான். உன் எலும்பு அது மேல ஏறி வளரும். வளர வளரச் சாரம் தானா கரைஞ்சு போயிடும், நாங்க வந்து பிரிக்க வேண்டியதில்ல" என்றார் டாக்டர். நாட்டிலேயே நான்தான் முதல் ஆள். வெட்டுவதை விட இது மேல் என்று கையெழுத்துப் போட்டேன்.

இன்று அந்தச் சாரத்தைச் செய்கிற ஆய்வகப் பெண் என்னைப் பார்க்க வந்தாள். பேச்சுவாக்கில் எந்த ஊர் என்று கேட்டாள். வடக்கே, ஹெய்தர்கோட் பண்ணை என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீ. "ஹெய்தர்கோட்டா? உங்க காலுக்கு வச்ச எலும்பே அங்கேருந்து வந்ததுதானே. ஹால்பெரான்னு ஒரு அம்மாவோட மந்தை" என்றாள்.

இந்த நாட்டில் யாரைக் கிள்ளினாலும் ஒரு சொந்தக்காரன் கத்துவான் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் இது அதிகம். நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தாள். அக்கா, என் காலுக்குள் உன் ஆடு இருக்கிறது. விற்றுவிடு விற்றுவிடு என்று நான் கத்திய அதே ஆடு.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

தோராரின்


ஹெய்தர்கோட்
11 நவம்பர்

தம்பி,

உன் கடிதம் வந்தது. அது மேசையில் எல்லாம் கிடக்கவில்லை. நின்றபடியே படித்தேன். பிறகுதான் உட்கார்ந்தேன்.

எலும்பு கேட்டு இறைச்சிக்கூடத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கியது உண்மை. நம் பள்ளத்தாக்கில் ஆட்டுத் தள்ளாட்டம், அந்த மூளை நோய், வந்ததே இல்லை, அதனால் இங்கேயிருந்துதான் வேண்டும் என்றார்கள். வருடா வருடம் நான் அனுப்புகிற ஆடுகளின் கால் எலும்பை அவர்களே எடுத்துப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆராய்ச்சிக்கு என்றார்கள். எலிக்கோ பன்றிக்கோ வைத்துப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மனுஷனுக்கு என்று என்னிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. அதுவும் உனக்கு என்று.

அந்தப் பெண்ணிடம் ஒன்று கேட்டு எழுது. எந்த வருடத்து எலும்பு அது? போன வருடத்து ஆடா, அதற்கு முந்தினதா? அவர்கள் எழுதி வைத்திருப்பார்கள். விளையாட்டாக இருந்துவிடாதே. ஏன் கேட்கிறேன் என்று கேட்காதே. என் ஆட்டைப் பற்றி நான் கேட்கக் கூடாதா?

நீ இரண்டு வருடம் சீழோடு கிடந்தது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருப்பேனா என்றால், அதுவும் தெரியவில்லை. குடிசை கட்டுகிறவனைப் பார்க்க வர வேண்டாம் என்று இருந்திருப்பேன்.

பஸ்ஸில் புகையூட்டிய ஆட்டுத் தொடை ஒன்று போட்டுவிட்டிருக்கிறேன். நர்ஸுகளுக்கும் கொடு. காலை எல்லாருக்கும் திறந்து திறந்து காட்டிக்கொண்டிருக்காதே, காற்றுப் படும்.

எந்த வருடம் என்று உடனே எழுது.

ஹால்பெரா


ரெய்க்யவிக்
2 டிசம்பர்

அக்கா,

முதலில் உன் கேள்விக்குப் பதில், இல்லாவிட்டால் மீதியை நீ படிக்க மாட்டாய். 2016 இலையுதிர் காலத்து ஆடு. பெட்டியில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். போதுமா? அந்த வருடத்து ஆட்டுக்கு என்ன அவ்வளவு விசேஷம்? கொழுப்பு அதிகமா, உன்னை மாதிரி திமிர் அதிகமா?

இனி என் சங்கதி. நான் நின்றுவிட்டேன். சுவரைப் பிடிக்காமல், ஊன்றுகட்டையைப் பிடிக்காமல், சும்மா ஜன்னலோரம் நின்று கடலைப் பார்த்தேன். "போதும், உக்காருங்க" என்று பிசியோதெரபிக்காரன் சொல்லிக்கொண்டே இருந்தான். நான் காது கேட்காதவன் மாதிரி நின்றேன். டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். குழியின் ஓரத்தில் வெள்ளையாகப் புகை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது, அதுதான் என் புது எலும்பாம். சீழ் அடியோடு நின்றுவிட்டது.

அந்த வாடையும் போய்விட்டது. அதைப் பற்றி உனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு வருடமாக என் மேல் ஒரு அழுகல் வாடை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒரு நிறுத்தம் கழித்து மெல்ல எழுந்து வேறு இடம் பார்ப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். போன வாரம் நர்ஸ் ஒருத்தி என் கட்டிலிலேயே உட்கார்ந்து உன் தொடைக்கறியை நறுக்கித் தின்றாள். "எங்க வீட்டு ஆடு" என்றேன். "எது, தட்டுல இருக்கறதா, காலுல இருக்கறதா?" என்று கேட்டாள். வாயாடி.

நேற்று ஒரு போன் வந்தது. யாரும் பேசவில்லை. பின்னால் நம் வீட்டு நாய் குரைத்தது. பேசுவதற்கு என்ன கேடு உனக்கு?

தோராரின்


ஹெய்தர்கோட்
17 ஜனவரி 2019

தம்பி,

இதை உட்கார்ந்து படி.

நேற்றுக் காலை கால்நடை டாக்டர் வந்தார். கூட மாவட்ட ஆள் ஒருவரும் வந்தார். காபி போட்டேன், குடிக்கவில்லை. வந்தவர்கள் பூட்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள், அதை வாசலில் கழற்றவும் இல்லை. நோய்ப் பட்டிக்குள் போகிறவர்கள் போடுகிற உறை அது.

"ஹால்பெரா, கொஞ்சம் உக்காருங்க" என்றார்.

"என் வீட்டுல என்னை உக்காரச் சொல்ல வேண்டாம். சொல்லுங்க" என்றேன்.

இறைச்சிக்கூடத்தில் போன இலையுதிர் காலத்தில் சில ஆடுகளின் மூளையிலிருந்து துண்டு எடுத்துச் சோதிக்க அனுப்பினார்கள். என் ஆடு ஒன்றில் தள்ளாட்ட நோய் இருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லை, இரண்டு முறை பார்த்தாயிற்று என்றார்.

சட்டம் உனக்கும் தெரியும். ஒன்றில் இருந்தால் மந்தையே போக வேண்டும். வைக்கோலை எரிக்க வேண்டும், பட்டியின் பலகைகளைப் பெயர்த்து எரிக்க வேண்டும், மண்ணைச் சுரண்ட வேண்டும். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அவர் பேசுவது வேறு யாரோ பண்ணையைப் பற்றி என்பது போல இருந்தது. சினை ஆடுகள் தம்பி, எல்லாமே சினை.

கடைசியில் நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். அந்த எலும்பு என் தம்பி காலில் இருக்கிறது என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. மாவட்ட ஆள் ஜன்னலைப் பார்த்தார்.

"மனுஷங்களுக்கு இது வந்ததா எங்கயும் கேள்விப்பட்டதில்லம்மா. இத்தனை தலைமுறையா சாப்பிட்டுட்டுத்தானே இருக்கோம்" என்றார் டாக்டர்.

"சாப்பிட்டவங்களைச் சொல்றீங்களா, எலும்புக்குள்ள வச்சுக்கிட்டவங்களைச் சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே உன் டாக்டருக்கு விஷயம் போயிருக்கும். ஆனாலும் நீ என் கையெழுத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஹால்பெரா


ரெய்க்யவிக்
28 ஜனவரி

அக்கா,

இவர்களுக்கு முன்னமே தெரிந்துவிட்டது. வால்கெர்துர் அம்மா தனியாக வந்து கதவைச் சாத்தினார். சாதாரணமாக அவர் கதவைச் சாத்தவே மாட்டார்.

என்னைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். கட்டுப் பிரிக்கிற கத்தரி, இடுக்கி எதையும் கழுவித் திரும்ப எடுப்பதில்லை, நேரே மஞ்சள் டப்பாவுக்குள் போகிறது, அதை அப்படியே எரிக்கிறார்கள். இந்தச் சனியன் கொதிக்க வைத்தாலும் சாகாதாம். கழுவினாலும் முழுக்கப் போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். இனி நான் யாருக்கும் ரத்தம் கொடுக்கக் கூடாது. என் மேல் வேறு எதற்குக் கத்தி வைத்தாலும் அந்தக் கத்தி குப்பைக்குத்தான். கட்டிலில் உட்கார்ந்து கறி தின்ற நர்ஸ் இப்போது கதவருகிலேயே நின்று, "எப்படி இருக்கீங்க?" என்கிறாள். அவள் மேல் தப்பில்லை. எனக்கே என் காலைத் தொட ஒரு மாதிரி இருக்கிறது.

"எனக்கு வருமா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"வராதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா உன் நிலைமையில இருந்த ஆள் இதுக்கு முன்னால யாரும் கிடையாது. பத்து வருஷம் கழிச்சுக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. சில சமயம் தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

இப்போது மறுபடி அதே இரண்டு வழி. வெட்டுவது, விடுவது. யோசித்துச் சொல் என்கிறார்கள்.

ஆனால் நான் இதை எழுதுவது அதற்காக இல்லை. முந்தாநாள் பால்மி போன் செய்தார். நம் ஊர்ப் பட்டித் தலைவர் பால்மி, சின்ன வயசில் என்னைக் குதிரையில் ஏற்றிவிட்டவர். நன்றாகக் குடித்திருந்தார். "உன் கால் எப்படி இருக்குடா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தார். "நாங்க எல்லாரும் பாத்தோம்டா. வெள்ளை வில்லை. எல்லாரும் பாத்துட்டுத்தான் உள்ள போனோம்" என்றார். என்ன வில்லை, யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் வைத்துவிட்டார்.

நம் பக்கத்து ஆட்டுக்கெல்லாம் காதில் பச்சை வில்லை. நோய் பரவாமல் இருக்கப் போட்ட வேலிக்கு அந்தப் பக்கம்தான் வெள்ளை. அங்கே தள்ளாட்டம் இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேலி தாண்டி வந்த ஆட்டை அதே இடத்தில் கொன்றுவிட வேண்டும். அப்பாவே எத்தனையோ முறை செய்திருக்கிறார்.

நான் கடலில் இருந்தபோது என்ன நடந்தது? நீ எந்த வருடம், எந்த வருடம் என்று கேட்டது இதற்காகத்தானா? அந்த வெள்ளை வில்லை ஆடு உன் மந்தையில் இருந்ததா?

ஆமாமா, இல்லையா என்று எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

தோராரின்


ஹெய்தர்கோட்
10 பிப்ரவரி

தம்பி,

ஆமாம்.

நீ ஒரு வார்த்தை போதும் என்றாய். எனக்குப் போதாது.

2013இல் ஆடுகளை மேட்டு மேய்ச்சலிலிருந்து இறக்கப் போனோம். செப்டம்பர்தான், ஆனால் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. கூட வந்தவர்களை விட்டுப் பிரிந்துவிட்டேன். குதிரை ஒரு குழியில் கால் வைத்து விழுந்தது, மறுபடி எழவில்லை. ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டன. அடித்தாலும் நகரவில்லை. என் கைக்கு உணர்ச்சி போய்விட்டது. உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் தோன்றியது.

அப்போது மந்தைக்குள்ளிருந்து பழுப்பு ஆடு ஒன்று முன்னால் வந்தது. ஒல்லி, நீளக் கால், மந்தைக்கு வழிகாட்டுகிற முன்னத்தி ஆட்டு இனம். என்னுடையது இல்லை. அது காற்றை நேராகப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. மற்றவை பின்னால் போயின. நான் ஒரு கிடாயின் கொம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். எப்படி இறங்கினோம் என்று கேட்காதே. பட்டி வாசலில்தான் எனக்குக் கண் தெரிந்தது.

அடுத்த நாள் ஊர்ப் பட்டியில் ஆடுகளைப் பிரித்தார்கள். அவரவர் ஆட்டை அவரவர் இழுத்துப் போனார்கள். நடுவில் அந்தப் பழுப்பு ஆடு, அவள் மட்டும் நின்றாள். காதில் வெள்ளை வில்லை. ஊரே சுற்றி நின்று பார்த்தது. பால்மி துப்பாக்கியை வண்டியிலிருந்து எடுக்க வேண்டும், அது அவர் வேலை. அவர் அவளைப் பார்த்தார், துணி சுற்றிய என் கையைப் பார்த்தார். பிறகு, "காபி ஆறிடப் போகுது, எல்லாரும் உள்ள வாங்க" என்றார். எல்லாரும் போனார்கள். ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் வெளியே வந்தபோது பட்டி காலியாக இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

மோரா என்று பெயர் வைத்தேன். வெள்ளை வில்லையைக் கழற்றி அதே ஓட்டையில் பச்சையைப் போட்டேன். மூன்று குளிர்காலம் என் மந்தையை அவள்தான் நடத்தினாள். 2016 இலையுதிர் காலத்தில் ஒரு நாள் சமதரையில் தடுமாறினாள். வயசாகிவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது. இறைச்சிக்கூடத்துக்கு அனுப்பினேன். அந்தப் பெட்டியில் அவள் காலும் போயிருக்கும். உனக்கு வைத்தது அவளுடையதா, வேறொன்றினுடையதா என்று யாருக்கும் தெரியாது.

இப்போது ஊரில் எல்லா மந்தையிலும் சோதனை செய்கிறார்கள். கூட்டுறவுக் கடையில் எனக்கு முன்னால் நிற்கிறவர்கள் தள்ளி நின்றுகொள்கிறார்கள். அன்றைக்குக் காபி குடித்தவர்கள்தான்.

செவ்வாய்க்கிழமை லாரிகள் வந்தன. ஆடுகள் பலகையில் ஏறவில்லை. முன்னால் போக ஆடு இல்லாததால் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. வந்த ஆட்கள் கத்தினார்கள், தள்ளினார்கள். சினை வயிற்றோடு தள்ளினார்கள். நான் போதும் என்று சொல்லிவிட்டுப் பலகையில் ஏறி முன்னால் நடந்தேன். என் பின்னாலேயே வந்தன. எல்லாம் வந்தன தம்பி. ஒன்றுகூட நிற்கவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். வெட்டச் சொல். காலை எடுத்துவிடு. மனது கேட்காமல் ஒன்றை விட்டுவைத்ததால்தான் இத்தனையும். நீ இன்னொன்றை விட்டுவைக்காதே. கட்டைக் காலோடு வா, நான் பார்த்துக்கொள்கிறேன், சாகும்வரை சோறு போடுகிறேன். குடிசையும் கட்டிக்கொள், இனி இங்கே என்ன இருக்கிறது தடுக்க. வெட்டிவிடு.

ஹால்பெரா


ரெய்க்யவிக்
5 மார்ச்

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். கிழித்ததில் இருந்ததெல்லாம் கெட்ட வார்த்தை. கப்பலில் கற்றது.

ஆட்டை விட்டதற்கு உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பச்சை வில்லை போட்டாய் பார், அதற்குத் திட்டுகிறேன். அவள் தடுமாறியபோது வாயை மூடிக்கொண்டு அனுப்பினாய் பார், அதற்குத் திட்டுகிறேன். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் அது உள்ளேயே கிடந்து புழுக்கும். அன்றைக்குப் புயலில் நீ உட்கார்ந்துவிட்டிருந்தால் என் காலுக்கு இது வந்திருக்காது என்று நினைத்தேன். நினைத்த மறு நிமிடமே எழுந்தேன். கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். உன் தம்பி இப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்.

காலுக்கு வருகிறேன். டாக்டர் புதுப் படத்தைக் கொண்டுவந்து மாட்டினார். போன முறை ஓரத்தில் இருந்த புகை இப்போது குழி முழுக்க இருக்கிறது.

"இதுல எது ஆடு, எது நான்?" என்று கேட்டேன்.

அவர் விரலை வைத்தார், எடுத்தார், வேறு இடத்தில் வைத்தார். "சொல்ல முடியல. சாரம் பாதி கரைஞ்சுடுச்சு. மீதியை உன் எலும்பு சுத்தி வளைச்சுக் கட்டிடுச்சு. நாங்க நினைச்ச மாதிரியேதான் நடந்திருக்கு, அதுதான் கஷ்டம்" என்றார். இத்தனை நாள் வேலை செய்த ஒரு விஷயம் வெற்றியாகிவிட்டதே என்று ஒரு டாக்டர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

அதை மட்டும் தனியாக எடுக்க வழியில்லை. எடுத்தால் முழங்காலோடு எடுக்க வேண்டும். எடுத்தாலும், நோய் வந்திருந்தால் இதற்குள் மேலே ஏறியிருக்கும், வராவிட்டால் வெட்டியது வீண். இதையும் அவரேதான் சொன்னார். நீ வெட்டச் சொல்கிறாய், அதில் உனக்கு ஒரு கணக்குத் தீரும். எனக்கு என்ன தீரும்? மந்தையை அழித்தார்கள், அது சட்டம். நான் மந்தை இல்லை அக்கா. நான் கையெழுத்துப் போட்டால்தான் வெட்ட முடியும். போடவில்லை.

பயம் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. காலையில் கோப்பையைத் தூக்கும்போது கை ஆடுகிறதா என்று பார்க்கிறேன். படியில் இறங்கும்போது எண்ணி எண்ணிக் கால் வைக்கிறேன். வயசாகும்வரைக்கும் இப்படியே பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஆனால் நடக்கிறேன். நேற்று ஆஸ்பத்திரி வாசலிலிருந்து துறைமுகம் வரை நடந்தேன். கம்பு இல்லை.

மேட்டுப் பாதை திறந்ததும் வருகிறேன். வாசலில் வந்து நிற்பேன். அங்கேயும் போனை வைக்கிற மாதிரி செய்யாதே.

தோராரின்


ஹெய்தர்கோட்
9 ஜூன்

தம்பி,

நீ வந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன்.

பஸ் வளைவில் நின்றதைப் பார்த்தேன். நீ இறங்கினதைப் பார்த்தேன். முதலில் உன்னை அடையாளம் தெரியவில்லை, இளைத்துப் போயிருக்கிறாய். பாதையில் ஏறி வந்தாய். பட்டி இருந்த இடத்தில் இப்போது வெறும் சரளை, அங்கே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு வாசலுக்கு வந்து தட்டினாய். "அக்கா, நான்தான். கதவைத் திற" என்றாய். திரும்பத் திரும்பச் சொன்னாய். கடைசியில், "சரி, ஆள் இல்லபோல" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாய். நான் உள்ளேதான் இருக்கிறேன் என்று தெரிந்தே அப்படிச் சொன்னாய், எனக்குப் புரிந்தது. படியில் க்ளெய்னர் பலகாரப் பொட்டலம் வைத்துவிட்டுப் போயிருந்தாய். கடையில் வாங்கினது. அதையும் தின்றேன்.

நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். கோபம் இல்லை. உன் கடிதத்தில் எழுதியிருந்தாயே புயலைப் பற்றி, அதற்கும் இல்லை. அதை நானே எத்தனையோ முறை நினைத்தாயிற்று.

நீ வளைவில் இறங்கினதிலிருந்து நான் உன் முகத்தைப் பார்க்கவே இல்லை தம்பி. உன் காலைத்தான் பார்த்தேன். எந்தக் கல்லில் வைக்கிறாய், எப்படித் தூக்குகிறாய், இழுக்கிறாயா, அகட்டி வைக்கிறாயா என்று பார்த்தேன். கடைசிக் குளிர்காலத்தில் ஒவ்வோர் ஆட்டையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லாத்தான் நடந்தாய். ரொம்ப நல்லாவே நடந்தாய். மோராவும் என் கண்ணுக்கு மூன்று வருடம் நல்லாத்தான் நடந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர் அரித்த இடத்தில், உன் கால் கொஞ்சம் வழுக்கியது. யாருக்கும் வழுக்குகிற இடம்தான், எனக்கே வழுக்கும். அவ்வளவுதான், அதற்கே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ கதவைத் தட்டியபோது நான் கதவுக்கு இந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிடவும் இல்லை.

மறுபடி வா. இந்த முறை கதவைத் திறந்தே வைக்கிறேன். பால்மியிடம் சொல்லிவிட்டேன், பஸ் வளைவிலிருந்து அவர் வண்டியில் கூட்டிக்கொண்டு வருவார், வாசல்வரை கொண்டுவந்து விடுவார். உள்ளே வந்ததும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார். காபி நான் எடுத்துக்கொண்டு வருகிறேன், சாப்பாடும் அங்கேயே தருகிறேன். உன் முகத்தைப் பார்க்க வேண்டும் எனக்கு. அதுவரைக்கும் நடக்காதே. கொஞ்ச நேரம், நான் சொல்லும்வரை, உட்கார்ந்தே இரு.

ஹால்பெரா